பெரியவளுக்கு எந்த டிக்கெட்

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், பாதி இருட்டில் உட்கார்ந்து ஊரார் கண்களைச் சோதிப்பவர் அவர். வந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, மூக்கின் மேல் ஒரு கனத்த இரும்புச் சட்டத்தை மாட்டி, அதில் கண்ணாடி வில்லையைப் போடுவார், எடுப்பார், வேறொன்றைப் போடுவார். "இதுவா, அதுவா? எதுல தெளிவா தெரியுது?" கடை திறந்தது முதல் அடைக்கும் வரை இதே கேள்விதான். கடையில் அவருக்குப் பெயரே 'இதுவா அதுவா' என்று ஆகிவிட்டது. கேலிக்கு வைத்த பெயர்தான், ஆனால் அவரும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

கேட்பதில் கெட்டிக்காரர். தானே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் மட்டும் கையும் ஓடாது, காலும் ஓடாது. துணிக்கடைக்குப் போனால் இரண்டு சட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு சிலையாக நிற்பார். கடைசியில் மனைவி வந்து மூன்றாவது ஒன்றை எடுத்துப் பையில் போடுவாள். ஓட்டலில் பக்கத்து மேசையைக் காட்டி, "அவர் சாப்பிடுறதையே குடுங்க" என்பார். இதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. அதனால் வீட்டில் யாரும் இதை ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. அப்படிப்பட்டவர் தலையில் தீம் பார்க்குக்கு டிக்கெட் எடுக்கும் பொறுப்பைக் கட்டினார்கள்.

அவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவளைப் 'பெரியவ' என்றும் இளையவளைச் 'சின்னவ' என்றும்தான் வீட்டில் கூப்பிடுவது. பிறந்தபோது வைத்த பெயர்கள் பள்ளிக்கூடத்தோடு சரி. இதில் சிக்கல் என்னவென்றால், பெரியவளைவிடச் சின்னவள் ஒரு தலை உயரம். சின்னவளுக்குப் பன்னிரண்டு வயது, கொடிபோல் வளர்ந்துவிட்டாள். பதினைந்து வயதுப் பெரியவள் வளரவில்லை. ஊசி, மாத்திரை, பெரிய டாக்டர், அவரைவிடப் பெரிய டாக்டர் என்று எல்லாம் பார்த்தாயிற்று. போன வருடம் கடைசியாகப் பார்த்த டாக்டர் அவளைச் சுவரோரம் நிறுத்தி அளந்துவிட்டு, "இனிமே பெருசா எதிர்பார்க்காதீங்க" என்றார்.

வெளியே வந்ததும் அவள் சொன்னது ஒன்றுதான். "இனிமே என்னை யாரும் அளக்க வேண்டாம்பா." அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவர் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பார். அன்றோடு அந்த வீட்டில் டேப்பை எடுப்பதே நின்றுபோனது. சீருடை தைக்கக்கூடப் பழைய சீருடையைத்தான் தையல்காரரிடம் கொடுத்தார்கள்.

விடுமுறைக்குத் தீம் பார்க் போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது சின்னவள். பெரியவளும், "போலாமே" என்றாள். அவள் அப்படி ஒன்றைக் கேட்டு வெகுகாலம் ஆகிவிட்டதால், அவருக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே போனை எடுத்து டிக்கெட் பார்க்க உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அங்கே டிக்கெட் இரண்டு வகை. சிறியவர்களுக்கு மஞ்சள், பெரியவர்களுக்கு நீலம். வயதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை, எல்லாம் உயரக்கணக்கு. மஞ்சள் கோட்டைத் தாண்டாதவர்களுக்கு மஞ்சள் டிக்கெட். அந்தக் கோட்டின் உயரத்தைப் படித்ததும் அவருக்குப் பகீரென்றது. போன வருடம் டாக்டர் சொன்ன அதே அளவு, துளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மஞ்சள் டிக்கெட்காரர்களுக்குக் கையில் கட்டும் பட்டையின் படத்தையும் போட்டிருந்தார்கள். அதில் ஒரு வாத்து கண்ணடித்துக்கொண்டிருந்தது.

பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண்ணின் கையில் வாத்தைக் கட்டுவதா? நீலம் எடுக்கலாம் என்றால், பெரிய ராட்டினங்களுக்கு இன்னும் மேலே ஒரு நீலக் கோடு இருக்கிறதாம். ஒவ்வொரு வாசலிலும் நிறுத்திப் பார்ப்பார்களாம். போகவே வேண்டாம் என்றால், ஏன் என்று கேட்பாள். அவர் விரும்பியது பெரிய விஷயமில்லை. ஒரே ஒரு நாள், அவளிடம் யாரும் 'நீ குட்டை' என்று சொல்லாமல் கழிய வேண்டும். அதற்கு என்ன நிற டிக்கெட் என்று அந்தப் போனில் போட்டிருக்கவில்லை.

சமையலறைக்குப் போய் மனைவியிடம் கேட்டார்.

"அவளையே கேளுங்க" என்றாள் மனைவி.

"என்னன்னு கேக்குறது? உனக்குச் சின்ன டிக்கெட்டா, பெரிய டிக்கெட்டான்னா?"

"ஊரையெல்லாம் உக்கார வெச்சுக் கேக்குறீங்க. பெத்த பொண்ணைக் கேக்க வாய் வரலையா?"

"நீதான் கேளேன்."

அவள் குழாயைத் திறந்துவிட்டு, கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவ ஆரம்பித்தாள். அவளாலும் முடியாது என்று அவருக்குப் புரிந்தது.

கடைசியில் பார்க்குக்கே போன் போட்டார். விவரம் தெரிந்தவர்கள் ஒரு வழி சொல்வார்கள் என்று ஒரு நப்பாசை. எடுத்தது ஒரு பெண்.

"பெரியவங்க எத்தனை பேர் சார், சின்னவங்க எத்தனை பேர்?"

"நாலு பேரும்மா. நான், என் மனைவி, பெரியவ, சின்னவ."

"அப்போ பெரியவங்க மூணு, சின்னவங்க ஒண்ணு."

"ஆமா. இல்ல, இல்ல. சின்னவளுக்குப் பெரிய டிக்கெட்தான் வரும்."

"அப்படின்னா நாலு பேருமே பெரியவங்களா சார்?"

"அப்படியும் இல்லம்மா." அவர் குரலைத் தாழ்த்தினார். "பெரியவளுக்குத்தான் சின்னது வரும்போல."

"சார், பெரியவங்கன்னா பெரியவங்கதானே. எந்தப் பெரியவங்களுக்குச் சின்னது?"

அந்தப் பெண் மேல் தப்பில்லை. ஒரே வாக்கியத்தில் விஷயத்தைச் சொல்லிவிடலாம். ஆனால் பக்கத்து அறையில் பெரியவள் பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். அவர் வாயைத் திறக்கப் போகும் நேரம் பார்த்து அந்தச் சத்தம் நின்றது. தண்ணீர் குடிக்க நிறுத்தினாளோ, காதைத் தீட்டிக்கொண்டாளோ, யாருக்குத் தெரியும்?

"நாலு பேரும் பெரியவங்கதாம்மா" என்றார், வீடு முழுக்கக் கேட்கும்படி. "நாலும் நீலமாவே போட்டுடுங்க."

"அப்புறம் மாத்த முடியாது சார்."

"மாத்த மாட்டேன்மா."

போன அன்றைக்கு, நுழைவாசலில் நாலு பேர் கையிலும் நீலப் பட்டையைக் கட்டினார்கள். பெரியவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து லேசாகச் சிரித்தாள். அவருக்கு வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகச் சரியானதைத் தேர்ந்தெடுத்துவிட்டோம் என்று மனைவியைப் பெருமையாகப் பார்த்தார். அந்தப் பெருமை, வளைந்து வளைந்து போகும் ரயில்வண்டி ராட்டினத்தின் வரிசை முன்னேறி முடியும் வரைக்கும் இருந்தது.

வரிசையின் முனையில் நீலக் கோடு போட்ட கம்பம். தொப்பி வைத்த ஊழியர் சின்னவளை ஒரு பார்வை பார்த்து உள்ளே விட்டார். பெரியவளைக் கம்பத்தோடு நிற்கச் சொன்னார். கோடு அவள் தலைக்கு மேலே எங்கேயோ இருந்தது.

"இவங்க ஏற முடியாதுங்க."

"அவளுக்குப் பதினஞ்சு வயசுங்க" என்றார் அவர்.

"வயசு இல்ல சார். பெல்ட் பிடிக்காது, கீழ நழுவிடுவாங்க."

என்ன சண்டை போடுவது? அந்த மனிதர் சொன்னது நியாயம். நழுவிவிட்டால்? பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். பெரியவள்தான் முந்திக்கொண்டு, "சின்னவ தனியா பயப்படுவா. அம்மா, நீங்க அவகூட போங்க" என்று ஏற்பாடு செய்தாள். பிறகு வந்த வழியே, ஒவ்வொருவரிடமும் வழி கேட்டு, இடித்துக்கொண்டு, அப்பாவும் மகளும் வெளியே வந்தார்கள். அந்த வரிசை அவ்வளவு நீளம் என்று உள்ளே போகும்போது அவருக்குத் தெரியவில்லை.

அடுத்த ராட்டினத்துக்கு அவள் வரிசையிலேயே நிற்கவில்லை. "பையை எல்லாம் குடுங்க, நான் பாத்துக்குறேன்" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். நாலு பேருடைய பைகளையும் மடியில் அடுக்கியதில் அவள் முகம் மட்டும்தான் வெளியே தெரிந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். ஐஸ்கிரீம் வேண்டுமா என்று கேட்டார். கேட்க வேண்டியதைக் கேட்கும் தைரியம் மட்டும் வரவில்லை.

எதிரே சிறுவர் பகுதி. அங்கே குட்டிக் கார்களைப் பிள்ளைகள் தாங்களே ஓட்டி, ஒன்றோடு ஒன்று மோதிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பெரியவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அந்தக் கார்ல ஏறலாமா?"

அவர் துள்ளி எழுந்துவிட்டார். ஆனால் சிறுவர் பகுதி வாசலில் நின்ற பெண் நீலப் பட்டையைப் பார்த்ததுமே கையை நீட்டித் தடுத்தாள். "பெரியவங்களுக்கு இங்க இடம் இல்லைங்க. மஞ்சள் டிக்கெட் வேணும்."

பெரிய ராட்டினத்துக்கு அவள் சிறியவள், சின்ன ராட்டினத்துக்கு அவள் பெரியவள். அந்த நீலத்தை எடுத்தவர் அவர். பெற்ற பெண்ணை எங்கேயும் ஏற முடியாதபடி தன் கையாலேயே கட்டிப்போட்டுவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டார். "நீ இங்கயே நில்லு, இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, நுழைவாசல் வரைக்கும் ஓடினார். மாற்றித் தர மாட்டோம் என்றார்கள். புதிதாக ஒரு மஞ்சள் டிக்கெட் வாங்கி, அதோடு கொடுத்த பட்டையின் வாத்துப் படம் வெளியே தெரியாமல் உள்ளங்கையில் மூடிக்கொண்டு, வியர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தார்.

வாசலில் நின்ற பெண் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தாள். "ஒரு தடவை உயரம் பாத்துடுறேன். இங்க நில்லும்மா."

பெரியவள் மஞ்சள் கோடு போட்ட கம்பத்தில் முதுகை ஒட்டி நின்றாள். அந்தப் பெண் அவள் தலைமேல் ஒரு அட்டையைப் படுக்கவைத்து, கம்பத்தோடு சேர்த்து அழுத்தினாள். அட்டை கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் நின்றது.

"தாண்டிருச்சே. விட முடியாதுங்க."

இந்த ஒரு விரற்கடைக்காக அவர் வேண்டாத தெய்வம் இல்லை, ஏறாத ஆஸ்பத்திரி இல்லை. ஆனால் அந்த நிமிடம் அவர் கண்ணில் பட்டதெல்லாம் உள்ளே காலியாக நின்ற ஒரு சிவப்புக் கார் மட்டும்தான். மகள் காதருகே போய், "கொஞ்சம் குனிஞ்சு நில்லும்மா" என்றார்.

அவள் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். பிறகு கையைத் தூக்கி, கோட்டுக்கும் அட்டைக்கும் நடுவில் இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"போன வருஷம் டாக்டர் அளந்தப்ப சரியா இந்தக் கோடுதான்பா" என்றாள். "இது அவர் முடிஞ்சுபோச்சுன்னு சொன்னதுக்கப்புறம் வந்தது. இதையா குறைக்கச் சொல்றீங்க?"

பின்னால் வரிசையில் நின்ற ஒரு குழந்தை சிணுங்கத் தொடங்கியது. "கொஞ்சம் நகர்ந்துக்கோங்க" என்றாள் வாசலில் நின்ற பெண். பெரியவள் நகரவில்லை. குதிகாலைக் கம்பத்தோடு சேர்த்து, "இன்னொரு தடவை வெச்சுப் பாருங்கக்கா" என்றாள்.