சரசு அத்தை கிணற்றில் வந்த பச்சை

இன்று காலை முதலில் கண்ணில் பட்டது குடத்து விளிம்பில் நின்ற ஒரு சொட்டு. அது பச்சையாக இருந்தது.

எட்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுச் சரசு அத்தையின் கிணறு முழுவதும் வாழைக் குருத்து நிறத்தில் மின்னியது.

எங்கள் கொல்லையிலும் கிணறு உண்டு. அக்கா அதில் தவறி விழுந்து இறந்தபின் அப்பா பலகை போட்டு மூடிவிட்டார். அந்தத் தண்ணீரே வேண்டாம் என்றாள் அம்மா. அதனால் சமையலுக்கும் குடிக்கவும் அத்தை வீட்டில்தான் இறைக்கிறோம்.

ஸ்ரீரங்கத்து நிலத்தடி நீரை ஆராய வந்திருக்கும் சார், பாட்டிலோடு உள்ளே வந்தார். அத்தை பிடித்துக்கொண்டாள்.

"என்ன சார், எங்க கிணத்துல பெயின்ட்டையா கரைச்சீங்க?"

"இங்க போடலைங்க. போன வாரம் பக்கத்துக் கொல்லையில அந்த மூடின கிணத்துல, பலகை இடுக்கு வழியா சாயம் ஊத்தினோம். அடியில பூரா மணல்தானே, ஊறி இங்க வந்திருக்கு. ரெண்டும் ஒரே தண்ணிதாங்க. சாயம் உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது."

அவர் சந்தோஷமாகப் பாட்டிலை நிரப்பினார். பள்ளியை விட்டபின் வெளி ஆட்களிடம் எனக்குப் பேச்சே வருவதில்லை. நான் நினைத்ததை அத்தையே கேட்டாள்.

"அந்தக் கிணத்துத் தண்ணி இங்க இப்பத்தான் வருதா, எப்பவுமேவா?"

"எப்பவுமேதாங்க."

அத்தை என் முகத்தைப் பார்த்தாள். "உங்கம்மா காதுல இது விழக்கூடாதுடி. அப்புறம் அவளுக்கு ஒரு வாய் சோறு இறங்காது."

சுவருக்கு அப்பாலிருந்து அம்மா கூப்பிட்டாள். "உலை வெக்கணும், தண்ணி எங்கடி?"

குடத்தைக் கவிழ்த்துவிட்டுக் காவிரிக்கு நடந்தேன்.