திருப்பி ஒரு ரிங்

ராயபுரத்திலிருந்து வடக்கே நடந்துகொண்டிருந்தேன். கழுத்தில் மாட்டியிருந்த அடையாள அட்டையைக் கழற்றி செல்போன் கம்பெனி டிஸ்ட்ரிபியூட்டர் ஆபீஸ் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தாயிற்று. சாலையில் துறைமுகத்துக்குப் போகும் ட்ரெய்லர்கள் அசையாமல் நின்றன. வேலையை விட்டு நடப்பது எனக்குப் புதிதல்ல. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஐஸ் பாக்டரி, லேத் பட்டறை, பார்சல் ஆபீஸ் என்று எதிலும் நிலைத்ததில்லை. அங்கெல்லாம் அலுத்துப்போய்க் கிளம்பினேன். இந்த முறை அலுப்பு காரணமில்லை.

இரண்டாயிரத்துக்குப் பின் வந்த வருஷங்கள். இப்போது மாதிரி கேமைச் சும்மா இறக்கிக்கொள்ள முடியாது. செல்போன் கம்பெனியே ‘கேம் பேக்’ என்று விற்கும். அதற்குத் தினமும் பாலன்ஸிலிருந்து காசு எடுக்கும். அப்படி எடுத்துக்கொண்டே இருப்பதற்கு ரெனியூவல் என்று பெயர். நாடு முழுக்க ஆட்கள் பேக் வாங்கி, கொஞ்ச நாள் ஆடிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள் என்று மீட்டிங்கில் புலம்புவார்கள். நான் சேல்ஸ் பார்த்த கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூரில் மட்டும் ரெனியூவல் நிற்கவே இல்லை.

மேனேஜருக்குப் பெருமை தாங்கவில்லை. “உங்க ஏரியா ஆளுங்க கேம் பைத்தியம்யா! எந்த கேம் ஆடறாங்கன்னு கேட்டுட்டு வா. அதையே இந்தியா பூரா தள்ளிடலாம்” என்றார்.

கொருக்குப்பேட்டையில் ஒரு ரீசார்ஜ் கடையில் போய் உட்கார்ந்தேன். தாஸ் என்பவர் கோபமாக வந்தார். கன்டெய்னர் யார்டில் சரக்கு இறக்கும் தினக்கூலி.

“பாய், முந்தாநேத்து தானே துட்டு ஏத்துன? எங்க பூட்ச்சு?” என்று கடைக்காரரைக் கேட்டார்.

தாஸின் நம்பரை நான் கஸ்டமர் கேரில் சொல்லி விசாரித்தேன். கேம் பேக் ஓடிக்கொண்டிருந்தது.

“அண்ணே, எந்த கேம் ஆடறீங்க?”

“இன்னா மாமு, கலாய்க்கிறியா?” என்று போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். கறுப்பு வெள்ளைத் திரை, தலையில் டார்ச் லைட்டு. நாங்கள் விற்ற எந்த கேமும் அதில் திறக்கவே திறக்காது.

திரையில் தானாக ஒரு இங்கிலீஷ் வரி வந்து நிற்கும்; ஓகே அமுக்கினால்தான் போகும். தாஸ் அமுக்கியிருக்கிறார். அதுதான் அவர் பேக் வாங்கிய விதம்.

“காலீல மேஸ்திரி ரிங் உடுவாரு. திருப்பி ஒரு ரிங் உட்டா நான் வர்றேன்னு அர்த்தம். உடலன்னா வேற ஆள ஏத்திகினு பூடுவாரு. ரெண்டு நாளா ரிங்கு போவல. வூட்ல குந்திகினு கீறேன்” என்றார்.

அந்தப் பக்கம் பாதிப் பேருக்குப் போன் என்பது பேசுவதற்காக அல்ல. அந்த ஒரு ரிங்குக்காக ஒன்றிரண்டு ரூபாய் பாலன்ஸை விட்டு வைத்திருப்பார்கள். எதிர்முனையில் யாரும் எடுக்காததால் அது அப்படியே கிடக்கும். பாலன்ஸே இல்லையென்றால் ரிங்கும் போகாது. கேம் பேக் தின்றது அந்தக் காசைத்தான். பாய் காசு ஏற்றியதும், நிறுத்தும் மெசேஜை தாஸின் போனிலிருந்து நானே அனுப்பினேன். அந்த வாரம் மற்றவர்களையும் தேடித் தேடிக் கேட்டேன். யாரும் ஆடவில்லை.

மேனேஜரிடம் சொன்னேன். எல்லாருக்கும் நிறுத்திவிடச் சொன்னேன்.

“எந்த கேம் புடிச்சிருக்குன்னு தானே கேட்டுட்டு வரச் சொன்னேன்?”

“யாரும் ஆடல சார். ஆட முடியாத போன் சார் அது.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “ஆடாமலே காசு கட்டுறான்னா, அவன்தான்யா நல்ல கஸ்டமர்” என்றார்.

அட்டையைக் கழற்றியது அப்போதுதான். விற்பனை ஏறுகிறது என்று யாராவது கோடு போட்டுக் காட்டினால், தம்பிகளே, வாங்கினவன் வீடு வரைக்கும் ஒருமுறை நடந்து பாருங்கள்.

மறுநாள் காலையில், லாரி வந்து ஆள் ஏற்றும் என்று தாஸ் சொல்லியிருந்த முனையில் போய் நின்றேன். யார்டு லாரி கிளம்பத் தயாராக இருந்தது. மேஸ்திரி கையில் போனை வைத்துக்கொண்டு நின்றார்.

“ஒர்த்தன் கொறையுது. நீ வர்றியா?”

“யாரு வரல?”

“ரிங் வரல, அவ்ளோதான். ஏறு, இல்லாங்காட்டி நவுரு.”

நான் ஏறவில்லை. லாரி மேலே தாஸ் நின்றிருந்தார். அவருடைய ரிங் போயிருக்கிறது. குனிந்து கையை நீட்டினார்.

“ஏறு மாமு. நீ கீழ நின்னா மட்டும் அவன் ரிங்கு போயிடுமா?”

கையைப் பிடித்து ஏறினேன். யார்டு வரும் வரை மேஸ்திரியின் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அடிக்கவில்லை. முதல் கன்டெய்னரைத் திறந்தார்கள். வராதவனின் இடத்தில் நின்று மூட்டைக்கு முதுகைக் கொடுத்தேன்.