தம்பி கடை போர்டு

ஆரணிக் கோட்டையைச் சுற்றியுள்ள தெருக்களின் பழைய அழகு கெடக்கூடாதாம். கடை போர்டுகளையும் புதுக் கட்டடங்களையும் பார்த்து அனுமதி தர ஒரு கமிட்டி போட்டார்கள். ரிட்டயரான டிராயிங் டீச்சர் இவாஞ்சலினையும் அதில் சேர்த்தார்கள். அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஊர் வாயை அடைக்க வேண்டுமென்றால் சொந்த வீட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று, முதல் வேலையாகத் தம்பி சத்தியராஜின் டீக்கடை போர்டில் கை வைத்தார்.

“மஞ்சக் கலரு கண்ணைக் குத்துது. கழட்டுடா.”

“தெருவுல அத்தினி போர்டு தொங்கிகினு கீது. என்னுதுதான் கண்ணுல பட்டுச்சாக்கா?” என்றான். ஆனாலும் கழற்றினான். அம்மா போனபிறகு அக்கா வளர்த்த பிள்ளை.

அப்புறம் பூக்கடை, தையல்கடை, பங்ச்சர் கடை என்று வரிசையாக போர்டுகள் இறங்கின. அந்த வருஷமே டீக்கடைக்கு எதிரில், ஒரு பட்டு ஜவுளிக்காரர் கோட்டை மதிலை மறைத்து நாலு மாடிக்குக் கண்ணாடிக் கடை எழுப்பினார். இவாஞ்சலின் கமிட்டியில் கத்தினார்.

“அது மேலயே முடிஞ்சிடுச்சி, மேடம்,” என்றார் அதிகாரி. “நீங்க சின்னக் கடைங்கள மட்டும் பாருங்க.”

த்தூ என்று வந்தது. ராஜினாமாவை எழுதி வீசிவிட்டு, நேராகத் தம்பி கடைக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்தார். அவருக்குச் சர்க்கரை வியாதி. தெருமுனையில் அவர் தலை தெரிந்தாலே சர்க்கரை போடாத டீயை ஆற்றி வைக்கிறவன் சத்தியராஜ். இன்றைக்கு கிளாஸைக் கழுவிக்கொண்டே, நிமிராமல் கேட்டான்.

“சக்கரை எவ்ளோ போடணும், மேடம்?”