மாலை போடாத படம்

பிரெஞ்சுத் தலைநகரில் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் நான் கோப்பை கழுவிய உணவகத்தில் என்னோடு நின்றவன், நடு ஆபிரிக்காவிலுள்ள ஒரு குடியரசைச் சேர்ந்தவன். நாட்டின் பெயர் வேண்டாம், அவனுடைய ஆட்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். எங்கள் சமையல்காரர்கள் கூப்பிடுவதைப் பார்த்து அவனும் என்னை ‘அண்ணை’ என்பான். மிச்சப் பேச்செல்லாம் பிரெஞ்சில். அவனுடையது நல்ல பிரெஞ்சு, என்னுடையது கோப்பை கழுவப் போதுமானது.

ஊரில் அவன் பாராளுமன்ற வாசலில் காவலாளியாக இருந்தவன். அங்கே அரசாங்கம் எப்படி நடக்கிறது என்று கேட்டால் எங்கள் குசினியைக் காட்டுவான்.

“பெரிய செஃப் ஜனாதிபதி. சின்ன செஃப் பிரதமர். சின்னவர் ருசி பார்க்கலாம், உப்புப் போட முடியாது. நீயும் நானும் பாராளுமன்றம். எது வந்தாலும் கழுவி அடுக்க வேண்டும்.”

“நீதிமன்றம்?”

“நீதிபதிகளையும் பெரிய செஃப்தான் வேலைக்கு வைப்பார்.”

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு எரிச்சல் வந்தது. ஒரு நாட்டைச் சொல்லி முடிக்க இவ்வளவுதானா?

ஆனால் அவர்களுடைய அரசியலமைப்பில் ஒரு வரி இருந்தது. யாரும் இரண்டு தடவைக்கு மேல் ஜனாதிபதியாக இருக்க முடியாது. பெரியவர் இரண்டையும் முடிக்கப் போகிறார். அந்த ஒரு வரியை நம்பி இவனுடைய தம்பி ஊரில் எதிர்க்கட்சிக்கு வேலை செய்துகொண்டிருந்தான். தம்பியோடு பேசிவிட்டு வரும் நாட்களில் இவன் சட்டிகளைக்கூடப் பாடிக்கொண்டு தேய்ப்பான்.

ஒரு ஞாயிறு மார்க்ஸ் டோர்மோயிலுள்ள எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். சுவரில் அம்மா, அப்பா, என் தம்பி படங்கள். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பிளாஸ்டிக் மாலை உண்டு. தம்பிக்கு இல்லை. வந்தவனுடைய நாட்டில் ஒவ்வொரு அரசாங்கக் கந்தோரிலும் ஜனாதிபதி படம் தொங்கவேண்டுமாம். அந்தப் பழக்கத்தில் கேட்டான்:

“இவருக்கு மட்டும் ஏன் பூ இல்லை? வீட்டுக்குள் எதிர்க்கட்சியோ?”

மனைவி என்னைப் பார்த்தாள். “என்னவாம்?”

சொன்னேன். தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்துவிட்டாள். “உயிரோடை இருக்கிறவைக்கு நாங்கள் மாலை போடுறேல்லை எண்டு சொல்லுங்கோ.”

சொன்னேன். தம்பி 2009இல் வன்னியில் காணாமல் போனவன் என்பதையும், செத்தான் என்று இதுவரை ஒருவரும் சொல்லவில்லை என்பதையும் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான்.

பிறகு அங்கே ஒரு வாக்கெடுப்பு வைத்து அந்த வரியை எடுத்துவிட்டார்கள். பெரியவர் மூன்றாம் தடவையும் நின்றார். தேர்தலன்று நாடு முழுவதும் தொலைபேசியை வெட்டினார்கள். வாக்குச் சாவடியில் கட்சிக்காகக் காவல் நின்ற இவனுடைய தம்பி வீடு திரும்பவில்லை. இவன் சட்டிகளுக்கு நடுவில் நின்று இலக்கத்தை அழுத்திக்கொண்டே இருந்தான். அந்த ஓசையில்லாத தொலைபேசி எனக்குத் தெரியும். 2009 மே மாதம் இந்தத் தெரு முழுக்க அதைக் காதில் வைத்துக்கொண்டுதான் நின்றது.

தன் தம்பியின் படத்துக்குச் சட்டம் போட வேண்டும் என்று கேட்டான். எங்கள் தெருக் கடைக்குக் கூட்டிப்போனேன். கடைக்கார அண்ணை எங்கள் ஆட்களின் செத்த வீடுகளுக்குச் செய்து செய்து கை பழகியவர். சட்டம் போட்ட படத்தை மாலையோடு நீட்டினார். அவன் மாலையை மெல்லக் கழற்றி மேசையில் வைத்தான்.

“எதிர்க்கட்சி, அண்ணை” என்றான் என்னிடம்.

நாலைந்து வருடம் போயிருக்கும். பெரியவர் அடுத்த தேர்தலிலும் வென்ற பிறகு, ஒரு நாள் வேலைக்கு வந்தவன் கையுறையைப் போடாமல் நின்றான். இராணுவ முகாமுக்குப் பின்னால் தோண்டியபோது தம்பியைக் கண்டெடுத்தார்களாம். தாய் சட்டையை அடையாளம் காட்டியிருக்கிறாள், அடக்கமும் முடிந்துவிட்டது. “அந்தப் பூ வாங்க வேண்டும், கூட வா” என்றான்.

அவனுடைய தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பொய் சொல்லக் கூடாது, எனக்கு அவன்மேல் பொறாமையாக இருந்தது.

கடைக்கார அண்ணை மாலையைப் பையில் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

“சோடியா எடுங்கோவன் தம்பி. உங்கட வீட்டிலையும் ஒரு படம் கிடக்குதெல்லே?”

“இல்லை அண்ணை” என்றேன். “ஒண்டு போதும்.”