படகுக்கு முன்னால் புறப்பட்ட அடைப்பான்

நான் படகு வாங்கிய செய்தி சிராங்கூன் ரோட்டுக் காய்கறிக் கடைக்கு எப்படியோ போய்விட்டது. கத்தரிக்காயை எடைபோட்டபடியே கடைக்காரர், "அண்ணே, யாட்டு வாங்கிட்டீங்களாமே, பார்ட்டி எப்ப?" என்றார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? யாட்டு என்றால் பெரிய சொகுசுப் படகு; என் யாட்டில் இரண்டு பேர் உட்காரலாம், கூட ஒரு தண்ணீர்ப் போத்தல் வைக்கலாம். ஒற்றைப் பாய், ஒரு சுக்கான். கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் நேரில் வந்து பார்த்துவிட்டு, "இதுல ஏறிப் போகணுமா, தூக்கிட்டுப் போகணுமா?" என்று கேட்டார்.

அது கடலுக்குப் போகிற படகும் அல்ல. பொங்கோல் பக்கம் ஒரு நீர்த்தேக்கத்தில் மிதக்கிற படகு. அங்கே அலை கிடையாது, சுறா கிடையாது, எதையெல்லாம் செய்யக் கூடாது என்று சொல்லும் பலகைகள் மட்டும் தாராளமாக உண்டு. சுற்றிலும் அடுக்குமாடி வீடுகள். எந்தத் திசையில் போனாலும் யாரோ காயப்போட்ட துணி தெரியும். மாலுமிகள் நட்சத்திரம் பார்த்துத் திசை அறிவார்களாம். நான் புளோக் எண்ணைப் பார்த்து அறிகிறேன்.

ஏன் வாங்கினேன் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. எனக்குச் சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை, மனைவிக்கு மருத்துவமனையில். பிள்ளைகள் வளரும்வரை இரண்டு பேருக்கும் ஷிப்ட். அவள் வந்தால் நான் கிளம்புவேன், நான் வந்தால் அவள். இப்போது பிள்ளைகள் தனிக்குடித்தனம் போய்விட்டார்கள், எங்கள் இருவருக்கும் பகல் வேலை. ஆனாலும் பழக்கம் விடவில்லை. அவள் ஓர் அறையில் சீரியல் பார்ப்பாள், நான் இன்னோர் அறையில் படகு வீடியோ பார்ப்பேன். தோசை ரெடி என்று வாட்ஸ்அப்பில் செய்தி வரும். எனக்கு அவளோடு உட்கார்ந்து பேச வேண்டும் போல இருந்தது. ஐந்தறை வீட்டில் அது நடக்கவில்லை. அதனால் அறையே இல்லாத ஓர் இடத்தை வாங்கினேன்.

அவளுக்குத் தண்ணீர் என்றால் பயம். பல நாள் கெஞ்சிய பிறகு, "ஒரே ஒரு தடவை வரேன். எனக்குப் பிடிக்கலைன்னா படகை வித்துடணும்" என்றாள். ஒப்புக்கொண்டேன்.

நீர்த்தேக்கத்துப் படகு கிளப்பில் எங்களுக்குக் கிடைத்த நேரம் ஞாயிறு மாலை நாலரை. அதாவது சுத்தமான ராகு காலம். தண்ணீரில் ராகு காலம் செல்லாது என்று வாதாடிப் பார்த்தேன். "ராகுவுக்குத் தண்ணி என்ன, தரை என்ன?" என்றாள். ஆனால் சட்டம் தெரிந்தவளுக்கு அதன் சந்துபொந்தும் தெரியும். "பரஸ்தானம் வச்சிடலாம்" என்றாள். பயணச் சாமான் ஒன்றை முன்கூட்டியே நல்ல நேரத்தில் அடுத்தவர் வீட்டில் வைத்துவிட்டால், பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு எப்போது கிளம்பினாலும் ராகு கேள்வி கேட்க முடியாது. அந்தக் காலத்தில் காசிக்குப் போகிறவர்கள் செய்தது. நாங்கள் நாலு பஸ் ஸ்டாப் தள்ளியிருக்கும் நீர்த்தேக்கத்துக்குச் செய்தோம்.

"சும்மா துண்டு கிண்டு வச்சாப் பலிக்காது. அது இல்லாம பயணமே நடக்காதுங்கிற மாதிரிப் பொருளா இருக்கணும்" என்றாள். நானும் நேர்மையாக யோசித்தேன். படகின் பின்மூலையில், கரையேறிய பிறகு தண்ணீரை வடிக்க ஒரு துளை உண்டு. கிளம்பும்போது அதை ஒரு ரப்பர் அடைப்பானால் மூட வேண்டும். அதைவிட முக்கியமான பொருள் படகில் எது? சனிக்கிழமை நல்ல நேரம் பார்த்து, வெற்றிலை பாக்கோடு அதைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்தோம். அக்கா மரைக்காயர் குடும்பம். "எங்க பாட்டன் பூட்டன்லாம் கப்பல் ஓட்டுனவங்கதான், இப்படி ஒரு கூத்தை நான் கேள்விப்பட்டதில்லலா" என்று சிரித்துக்கொண்டே வாங்கி வைத்தார்.

ஞாயிறு மதியம் அதை வாங்கப் போனால் கதவு பூட்டியிருந்தது. தொலைபேசியில் அழைத்தேன். "எல்லை தாண்டி ஜோகூர்ல இருக்கோம் தம்பி, திரும்பி வர்ற பாலத்துல ஒரே ஜாம்லா" என்றார். மனைவி டிபன் டப்பாவோடு லிப்ட் வாசலில் நின்றாள். சொன்னால் சகுனம் சரியில்லை என்பாள், படகு விற்பனைக்குப் போய்விடும். துணியைச் சுருட்டித் திணித்துச் சமாளிக்கலாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

காற்று எங்களை நீர்த்தேக்கத்தின் நடுவே கொண்டுபோய் விட்டுவிட்டு நின்றுவிட்டது. மனைவி இரண்டு பக்கமும் இறுகப் பிடித்துக்கொண்டு, பல் பிடுங்க வந்தவள் போல உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில், "என்னங்க, கால் நனையுது" என்றாள்.

"படகுன்னா அப்படித்தான்" என்றேன்.

"இட்லியும் நனையுது."

துளையில் நான் திணித்த துணி எப்போதோ கழன்று மிதந்துகொண்டிருந்தது.

"அந்த ஸ்டாப்பர் எங்க?"

"பக்கத்து வீட்ல. அவங்க ஜோகூர்ல."

என்னை முறைத்தாள். பிறகு, "அப்ப பயணம் நேத்தே கிளம்பிடுச்சு, நாமதான் பின்னாடி வரோம்" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாள். படகு ஆடியது. படகு மூழ்காது, உள்ளே காற்றறை உண்டு, உயிர்காப்பு அங்கியும் போட்டிருந்தோம் என்றாலும், அவள் அப்படிச் சிரிப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றினாள், பின்பக்கமாக நகர்ந்து குதிகாலைத் துளையில் வைத்து அழுத்தினாள். டிபன் மூடியை என்னிடம் நீட்டி, "மொண்டு ஊத்துங்க" என்றாள்.

ஊற்றினேன். முழங்காலோடு முழங்கால் இடித்தது. அவள் பேசத் தொடங்கினாள். வார்டில் ஓயாமல் மணியடிக்கும் கிழவர், மகள் வீட்டுத் திரைச்சீலை, தன் முட்டிவலி. எனக்கு எதுவுமே தெரிந்திருக்கவில்லை. நடுவில், "அந்த சீரியல் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது தெரியுமா? வீட்ல யாராச்சும் பேசுற சத்தம் கேட்கட்டும்னுதான் போட்டு வைக்கிறேன்" என்றாள். மூடியில் மொண்ட தண்ணீரை ஊற்றாமல் அப்படியே வைத்திருந்தேன்.

நாங்கள் நகராததைப் பார்த்துப் பாதுகாப்புப் படகு வந்தது. அதை ஓட்டிய மலாய்க்காரர், கரைக்கு இழுத்துப் போகிறேன் என்று ஆங்கிலத்தில் சொல்லி ஒரு கயிற்றை வீசினார். நான் எட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"நோ நீட் லா, வி ஆர் ஓகே" என்று அவரிடம் மனைவி சொன்னாள்.

"கால் மரத்துப் போயிடும். கரைக்குப் போயிடலாம்" என்றேன்.

"மரத்தா மரத்துட்டுப் போகுது. கரைக்குப் போனா நீங்க உங்க ரூமுக்குப் போயிடுவீங்க."

கயிற்றை விட்டுவிட்டேன்.