அடி அண்ணாமலையில் நின்ற ஆய்வு வண்டி

காலை ஆறு மணிக்குக் கோயம்பேட்டிலிருந்து திருவண்ணாமலைப் பேருந்து கிளம்பியது. டிக்கெட் அறுபது ரூபாய்க்குள்தான். செங்கல்பட்டு, திண்டிவனம், செஞ்சி வழியாக ஏறக்குறைய நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர். அன்று பௌர்ணமி. தாம்பரம் தாண்டுவதற்குள் நிற்கக்கூட இடமில்லை.

"நீங்களும் மலை சுத்தத்தான் போறீங்களா?" என்று பக்கத்து இருக்கைப் பெண் கேட்டார்.

"இல்லைங்க, வேலையா போறேன்."

"இன்னிக்கா?" என்றவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வேலையைச் சொல்லிவிடுகிறேன். இது 2003இல் நடந்தது. 108 வண்டி இல்லாத காலம். சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தின் சுகாதாரச் சமத்துவ ஆய்வு மையத்துக்கு நான் மேலாளர். மருத்துவர் அல்ல. ஆட்களை நியமிப்பது, அனுமதி வாங்குவது, வண்டிக்கு டீசல் போடுவது, ஆய்வாளர்களுக்குள் சண்டை வந்தால் தீர்த்துவைப்பது என் பொறுப்பு. அரசு மருத்துவமனை எல்லாருக்கும் பொதுவாக இருக்கும்போது, சில தெருக்களில் இருக்கும் பெண்கள் மட்டும் ஏன் பிரசவத்துக்குத் தாமதமாக வந்து சேர்கிறார்கள் என்று திருவண்ணாமலை வட்டாரத்தில் ஓர் ஆய்வு நடத்திக்கொண்டிருந்தோம். சில ஊர்களில் வண்டி போன்ற உதவிகள் செய்து பார்ப்போம். வேறு சில ஊர்களில் எதையும் செய்யாமல் கேள்விகள் மட்டும் கேட்போம். இரண்டையும் ஒப்பிட்டால்தான் அரசிடம் பேச முடியும்.

சிக்கல் எங்கள் வண்டியால் வந்தது. கேள்வி மட்டும் கேட்கவேண்டிய ஊர்களிலும் ஓட்டுநர் வலி கண்ட பெண்களை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவதாகத் தெரியவந்தது. "நம்ம வண்டியே கூட்டிட்டுப் போனா, நாம எதை அளக்கிறோம்?" என்று இயக்குநர் கேட்டார். கேள்வி நியாயமானது. நேரில் போய் அதை நிறுத்திவிட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பினேன்.

கீழ்பென்னாத்தூர் தாண்டியதும் மலை தெரிந்தது. பேருந்தில் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஊருக்கு வெளியே தற்காலிக நிலையத்திலேயே எங்களை இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து வேங்கிக்காலுக்கு ஆட்டோ. புதிதாக எழும்பிய வீடுகளுக்கு நடுவே, ஒரு மாடியில் இரண்டு அறைகள் எங்கள் கள அலுவலகம்.

கள மேற்பார்வையாளர் ஷம்ஷாத் காத்திருந்தாள். ஊருக்குள் பாத்திரக் கடை வைத்திருக்கும் குடும்பம். சமூகப்பணியில் முதுகலை முடித்தவள். நான் வந்த காரணம் அவளுக்குத் தெரியும்.

"மேடம், காலையில போயி அந்தப் பொண்ணுகிட்ட எத்தனை மாசம், இன்னா சாப்பிடறேன்னு ஒரு மணி நேரம் கேக்கறோம். சாயங்காலம் அவளே வலியில நிக்கறா. வண்டி எதிர்ல நிக்குது. ஏறாதேன்னு எப்படிங்க சொல்றது?"

"ஒரு வண்டி எத்தனை பேரை ஏத்தும் ஷம்ஷாத்? இந்த ஆய்வு ஒழுங்கா முடிஞ்சாதானே எல்லா ஊருக்கும் வண்டி கேக்க முடியும்?"

"அது கரெக்டுதாங்க. ஆனா அதை அவகிட்ட நீங்கதான் சொல்லணும்" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள்.

கிரிவலக் கூட்டத்துக்காகப் போலீஸ் சாலையை அடைப்பதற்கு முன்பே ஓட்டுநர் ஏழுமலை வண்டியோடு அடி அண்ணாமலைக்குள் போய்விட்டிருந்தார். அது கேள்வி மட்டும் கேட்கும் ஊர். கிரிவலப் பாதையிலேயே இருக்கிறது. பிற்பகலில் நானும் ஷம்ஷாத்தும் காஞ்சி சாலைவரை ஆட்டோவில் போய், மீதியை நடந்தோம். எதிரே கூட்டம் வரத் தொடங்கியிருந்தது. வெயிலில் தார் சுட, வெறுங்காலோடு குடும்பம் குடும்பமாக வந்தார்கள். ஊர்க்காரர்கள் பாதையோரம் இளநீர், சுண்டல், கற்பூரம் பரப்பியிருந்தார்கள்.

ஒரு புளியமரத்தடியில் வண்டி நின்றது. ஏழுமலையிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எழுத்துல குடுத்துடுங்க மேடம். நாளைக்கு ஊர்ல யாராச்சும் கேட்டா காட்டணும் இல்ல?" என்றார். தருகிறேன் என்றேன்.

நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கண்ணம்மா என்ற பெண்மணி ஓடிவந்தார். மருமகள் அமுதாவுக்குக் காலையிலிருந்து வலி. தலைப்பிரசவம். வீட்டிலேயே ஆகிவிடும் என்று இருந்திருக்கிறார்கள். மகன் சேகர் இளநீர் வியாபாரத்தில் இருந்தான்.

"ரத்தம் ஜாஸ்தியா போவுதுங்க. நர்சம்மா உடனே கூட்டிட்டுப் போ சொல்றாங்க. ஆட்டோக்காரன் ஒருத்தனும் உள்ள வரமாட்டேங்கறான்."

அவர் ஏழுமலையிடம்தான் சொன்னார். ஏழுமலை என்னைப் பார்த்தார். ஷம்ஷாத் பார்க்கவே இல்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். ஆஸ்பத்திரி ஐந்தாறு கிலோமீட்டருக்குள்தான். நான் யோசித்தேன் என்று சொல்ல முடியாது. "ஏத்துங்க" என்றேன்.

பின் இருக்கையில் அமுதாவைக் கண்ணம்மாவின் மடியில் படுக்கவைத்தோம். பாதைக்கு வந்ததும்தான் சிரமம் புரிந்தது. எங்களுக்கு முன்னால் போகிறவர்கள் எல்லாரும் முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கிறார்கள். ஒலிபெருக்கிப் பாட்டுக்கு நடுவே ஹாரனை யாரும் பொருட்படுத்தவில்லை. நானும் ஷம்ஷாத்தும் இறங்கி, வண்டிக்கு முன்னால் நடந்தோம். ஒவ்வொரு தோளாகத் தட்டி, "பிரசவங்க, வழி விடுங்க" என்று சொல்லவேண்டியிருந்தது. சிலர் சட்டென்று ஒதுங்கினார்கள். "இன்னிக்குப் போயி இதுல வண்டி ஓட்டறீங்களே" என்று ஒருவர் திட்டினார். அடுத்த வரிசைக்குப் போகும்போது முந்தைய வரிசை மூடிக்கொண்டது.

உள்ளேயிருந்து அமுதாவின் சத்தம் நின்றுபோனது. சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோது இல்லாத பயம் அப்போது வந்தது.

காவித் துண்டு கட்டிய ஒரு கோஷ்டி முன்னால் போய்க்கொண்டிருந்தது. ஷம்ஷாத் அவர்களில் ஒருவரின் கையைப் பிடித்து இழுத்து வண்டிக்குள் காட்டினாள். அவர் எட்டிப் பார்த்தார். உடனே தன் ஆட்களைக் கூப்பிட்டார். இருபது பேர் போல இருக்கும். இரண்டு வரிசையாகக் கைகோத்துக்கொண்டு, வண்டிக்கு முன்னால் இருபுறமும் ஓடத் தொடங்கினார்கள். "அரோகரா" என்று அவர்கள் போட்ட கோஷத்துக்குத்தான் கூட்டம் திரும்பிப் பார்த்து விலகியது. காஞ்சி சாலைத் தடுப்பில் நின்ற போலீஸ்காரர் தூரத்திலேயே கவனித்து, தடுப்பை நகர்த்திவைத்தார். நாங்கள் ஏறிக்கொண்டோம். அந்த கோஷ்டிக்கு நன்றி சொல்லத் திரும்பியபோது அவர்கள் கூட்டத்தோடு கலந்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் உடனே அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாய்க்கு ரத்தம் ஏற்றினார்கள். ஏழுமலை ஒரு பாட்டில் கொடுத்தார். "இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா எங்க கையில எதுவும் இருந்திருக்காது" என்றார் மருத்துவர்.

எதிர்க் கடையின் எஸ்.டி.டி. பூத்திலிருந்து இயக்குநருக்குப் பேசினேன். நடந்ததை முழுவதும் கேட்டார். "நானா இருந்தாலும் ஏத்தியிருப்பேன். ஆனா ஊர்ல எல்லாரும் இனி வண்டியை எதிர்பார்ப்பாங்க. அந்த ஊரை இனிமே ஒப்பிட முடியாது. மத்த ஊர்களுக்காவது ஏழுமலைக்கு உத்தரவு குடுத்துட்டு வாங்க" என்றார்.

மறுநாள் காலை பேருந்துக்குப் போகும் வழியில் வார்டுக்குப் போனேன். அமுதா தூங்கிக்கொண்டிருந்தாள். சேகர் வாசலில் நின்றபடியே கும்பிட்டான். கண்ணம்மா குழந்தையைக் காட்டிவிட்டு, என்னை ஓரமாக அழைத்தார்.

"எங்க பக்கத்து வூட்டுப் பொண்ணும் மாசமாயிருக்குதுங்க. அடுத்த பௌர்ணமிக்கும் வண்டி நிக்குமா?"

நிற்காது என்று சொல்லத்தான் சென்னையிலிருந்து வந்திருந்தேன். "நிக்கும்ங்க" என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது.

திரும்பிப் போனதும் இயக்குநரிடம் அதையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, வேலை கூடிவிட்டது என்று மட்டும் சொன்னார். ஏழுமலை கேட்ட எழுத்து உத்தரவு மற்ற ஊர்களுக்கு மட்டும் போனது. அடி அண்ணாமலையை ஆய்விலிருந்து நீக்கினோம். நீக்கிய பிறகு அங்கே வண்டி நிற்பதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்கவில்லை. பௌர்ணமிதோறும் சாலையை அடைப்பதற்கு முன் வண்டியை அங்கே கொண்டுபோய் நிறுத்தும்படி ஷம்ஷாத் ஏற்பாடு செய்தாள். ஓர் ஊர் குறைந்ததால் எங்கள் முடிவுகளின் பலமும் குறைந்தது. அறிக்கையை வாசித்தவர்கள் அதைச் சுட்டிக்காட்டவும் செய்தார்கள்.

சென்னையில் என் வீட்டிலிருந்து தெருமுனைக்கு வந்தால் ஆட்டோ நிற்கும். மூன்று ஆஸ்பத்திரிகளில் ஒன்றின் பெயரைச் சொன்னால் போதும். அந்தத் தெருவுக்கு வந்து எத்தனை மாசம், என்ன சாப்பிடுகிறாய் என்று இதுவரை யாரும் எங்களிடம் கேள்வி கேட்டதில்லை.