சட்டைப் பித்தானும் திருமண் பெட்டியும்

நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரி வார்டைக் காலையில் எட்டிப் பார்த்தால் நீங்கள் என்னைத் திட்டிவிட்டுத்தான் போவீர்கள். எழுபதைத் தாண்டிய ஹாரி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பக்கவாதத்தில் மடங்கிய விரல்களால் சட்டைப் பித்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்த நான் இரண்டடி தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்பேன். இங்கிலாந்தில் எனக்கு இதற்குத்தான் சம்பளம். பக்கவாதத்தில் விழுந்துவிட்ட முதியவர்களின் கைகால் எந்தப் பழக்கத்தால், எத்தனை நாளில் திரும்புகிறது என்பது என் ஆராய்ச்சி.

வந்த புதிதில் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் ஓடிப்போய் நானே பித்தான்களைப் போட்டுவிட்டேன். நன்றி சொல்வார் என்று பார்த்தால் மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் என்ன செத்தா போய்விட்டேன்?" என்றார். மரியாதை செய்ததற்கு வசவா என்று எனக்கும் ரோஷம் வந்தது.

அந்த வசவின் அர்த்தம் அப்பா படுத்த பிறகுதான் புரிந்தது. அண்ணாவின் கடிதம் கண்டு லீவு போட்டு ஓடினேன். கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்த அப்பா, வலது பக்கம் விழுந்து கிடந்தார், பேச்சும் குழறியது. அண்ணா குளிப்பாட்டினான், மன்னி ஊட்டினாள், அம்மா விசிறினாள். நெற்றியில் திருமண்ணும் அண்ணாதான் இட்டுவிட்டான். கையைப் பழக்கினால் வரும் என்று புத்தூர் டாக்டர் சொல்லியிருந்தாராம். யார் பழக்குவது? ஆளுக்கொரு பக்கம் தாங்கியதில் அவர் செய்வதற்கென்று ஒரு வேலையும் மிச்சமில்லை. எங்கள் அன்பே அவரைக் கட்டிலோடு கட்டிப்போட்டிருந்தது.

எங்கள் வீட்டில் பித்தான் ஏது? அப்பாவுக்கு வேஷ்டியும் அங்கவஸ்திரமும்தான். யோசித்தேன். மறுநாள் காலை திருமண் பெட்டியை அவர் மடியில் வைத்து, அண்ணாவைத் தள்ளி நிற்கச் சொன்னேன். இடது உள்ளங்கையில் தண்ணீர் விட்டு, வலது கையால் திருமண் கட்டியைக் குழைக்க வேண்டும். கட்டி நழுவியது. தண்ணீர் மடியெல்லாம் கொட்டியது.

"ஏண்டா, பெத்தவரை இப்படியா படுத்துவா?" என்று அம்மா அழுதாள்.

"யாரும் கிட்ட வரப்படாதும்மா. இப்ப விட்டா அந்தக் கை விறைச்சே போயிடும்."

"சீமைக்குப் போய் இதைத்தான் படிச்சுண்டு வந்தியா?"

ஆமாம், இதைத்தான் படித்திருந்தேன். தினமும் பெட்டியை வைத்தேன். அப்பா என் முகத்தைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார். என்னை மன்னிக்காமலே போய்விடுவாரோ என்று உள்ளுக்குள் ஆடிப்போனேன். ஆனாலும் விடவில்லை.

நான் கிளம்ப நான்கு நாள் இருக்கையில், ஒரு காலை அவரே இட்டுக்கொண்டார். வெள்ளைக் கோடு ஒன்று தடித்தும் ஒன்று மெலிந்தும் இருந்தது. நடுவில் வரவேண்டிய சிவப்பு ஸ்ரீசூர்ணம் புருவத்துக்கு ஓடியிருந்தது. மயிரிழை பிசகினாலும் அழித்துவிட்டு மறுபடி இடுகிற மனிதர் அவர். சரிசெய்ய அம்மா ஈரத்துணியோடு வந்தாள். அப்பாவின் வலது கை மெல்ல எழுந்து அவள் மணிக்கட்டைத் தடுத்தது.

"இருக்கட்டும்... நானே... இட்டுண்டது."

அண்ணா முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் அழுதேன், வெட்கமில்லாமல்.

திரும்பி வந்ததும் ஹாரியிடம், என் அப்பா நெற்றியில் தானே கோடு வரைந்துவிட்டார் என்றேன். "ஓவியரா?" என்று கேட்டார். விளக்க ஆரம்பித்தால் பித்தான் நேரம் போய்விடும். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அவர் மேல் பித்தானுக்குப் போனார். அது துளையில் நுழையாமல் வழுக்கியது. பின்னால் கட்டியிருந்த என் கை ஒன்று ஓடிப்போய்ப் போட்டுவிடத் துடித்தது. இன்னொரு கை அதை இறுகப் பிடித்து நிறுத்தியது. இத்தனை நாள் ஆகியும் துடிக்கிற கை ஓயவில்லை, பிடிக்கிற கையும் விடவில்லை. இரண்டும் என்னுடையவைதான்.